ஆணி அடிக்க ஓர் இடம்

ஜனவரி 11

அக்கா,

போனில் கத்தினால் வைத்துவிடுவேன், சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பு என்றாய். எழுதுகிறேன். கடிதத்திலும் கத்தலாம். என்ன, பாதியில் வைக்க முடியாது.

உன் ஆட்கள் முன்னால் உன்னைச் ‘சிமென்ட் பூசுற மேஸ்திரி’ என்றது தப்பு. மற்றதெல்லாம் சரி.

நீ அந்த மலைச்சாலைக்குப் பொறியாளராக வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் நிற்கிற பாறைச் சுவரை நான் ஐந்து வருடமாக அளக்கிறேன். எந்த அடுக்கு எத்தனை விரல் கனம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நீயோ மழைக்கு முன்னால் அது முழுவதும் கான்கிரீட் பீய்ச்சப்போகிறேன் என்கிறாய்.

பூமியின் வயதை நாங்கள் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கட்டமும் எங்கே தொடங்குகிறது என்பதற்கு, உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு பாறை அடுக்கில் அடையாளமாக ஆணி அடிப்பார்கள். இனி உலகத்தில் எந்தப் பாறையையும் அந்த ஆணியோடு ஒப்பிட்டுத்தான் மேலே, கீழே என்று சொல்ல வேண்டும். ஒரு கட்டத்துக்கு இன்னும் ஆணி விழவில்லை. போட்டியில் இரண்டு இடங்கள்: கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு குன்று, இந்தப் பக்கம் உன் சுவர். ஜூனில் ஓட்டெடுப்பு. யார் எப்போது வந்தாலும் பாறையைக் கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. நீ பூசினால் அன்றோடு என் கதை முடிந்தது.

நான் கேட்பது ஒரு கதவு அகலத்துக்கு, அடியிலிருந்து உச்சிவரை ஒரு பட்டை. அதை மட்டும் விடு.

தம்பி


ஜனவரி 20

குக்கருக்கு,

சின்ன வயதில் உனக்கு இந்தப் பெயரை வைத்தது நான்தான். இன்றுவரை மாற்றத் தேவை வரவில்லை. விசில் அடித்து முடித்தாயா?

‘மற்றதெல்லாம் சரி’ என்கிறாயே, அந்த மற்றது என்ன என்று நான் சொல்கிறேன். போன நவம்பரில் அந்தச் சுவரிலிருந்து கல் உருண்டு, பால் கேன் கட்டிக்கொண்டு வண்டியில் போன ஒருவருக்குத் தோள் எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். அவர் மனைவி கத்தவெல்லாம் இல்லை. “இதுக்கு யாருங்க பொறுப்பு?” என்று மட்டும் கேட்டாள். நான் என்று சொன்னேன். ஆகவே உன் கதவு, ஜன்னல் எல்லாம் அப்புறம்.

ஆனால் நீ எழுதியதைப் படித்ததிலிருந்து சாலையில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலத்துக்கு ஓட்டா? கை தூக்குவார்களா, சீட்டா? அதை விடு. உச்சிக்குக் கொஞ்சம் கீழே சாம்பல் பாறை சட்டென்று சிவப்பாக மாறுகிறது. மூன்று வயதுக் குழந்தைகூட விரல் நீட்டிக் காட்டும். அங்கே ஆணி அடிக்காமல், நடுவில், மேலும் கீழும் ஒரே சாம்பலாக இருக்கிற இடத்தில் குறி போட்டு வைத்திருக்கிறாயே, ஏன்? தொடக்கத்துக்கு ஆணி என்கிறாய், முடிவுக்கு எங்கே ஆணி?

அம்மா உனக்குச் சொல்லச் சொன்னது: “கல்லுக்காகச் சண்டை போட்டுக்கற வீடு உலகத்துலயே நம்ம வீடுதான்.”

அக்கா


பிப்ரவரி 2

அக்கா,

சிவப்பைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். நீயுமா?

சாம்பல் பாறை கடலுக்கு அடியில் படிந்த சேறு. பிறகு கடல் விலகியது. மேல்பகுதி எவ்வளவோ அரித்துப் போயிற்று. அதற்கு அப்புறம்தான் சிவப்பு மண் வந்து படிந்தது. நடுவில் எத்தனை லட்சம் வருடம் காணாமல் போனது என்று யாருக்கும் தெரியாது. உன் அளவு டேப்பில் நடுவே ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டினால், ஒட்டிய இடம் பளிச்சென்று தெரியும். அதை வைத்து அளப்பாயா? பளிச்சென்று தெரிகிற இடத்தை நாங்கள் நம்புவதில்லை. எங்களுக்கு வேண்டியது ஒன்றுமே நடக்காத இடம். சேறு நிற்காமல், அவசரப்படாமல், வருடக்கணக்காகப் படிந்துகொண்டே போன சலிப்பான பாறை. கட்டத்தின் தொடக்கத்தை அந்தச் சலிப்புக்கு நடுவில்தான் வைப்போம்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்பாய். அந்தக் கடலில் விலாங்கு மாதிரி விரல் நீள உயிர் ஒன்று இருந்தது. உடம்பெல்லாம் மக்கிப்போய், பல் மட்டும் மிஞ்சியது. மணல் துகள் அளவுதான் இருக்கும். அந்தப் பல்லின்மேல் ஒரு வரிசை மேடுகள். தலைமுறை தலைமுறையாக மாறி, ஓர் அடுக்கில் பக்கத்திலேயே இரண்டாவது வரிசை முளைக்கிறது. இரட்டை வரிசைப் பல் முதன்முதலில் கிடைக்கிற அடுக்கின் அடிதான் ஆணிக்கு இடம். கல்லை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும், பல் நிற்கும். சலித்துக் காயவைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, ஈரத் தூரிகை முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். மலையிலிருந்து இத்தனை தூரம் வந்து இந்த ஆய்வுக்கூடத்தில் நான் குந்தியிருப்பது அதற்குத்தான். கழுத்து போய்விட்டது.

முடிவுக்கு ஆணி கிடையாது. அடுத்தது தொடங்கினால் முந்தையது முடிந்தது. இரண்டுக்கும் தனித்தனியாக அடித்தால் ஒன்று நடுவில் இடுக்கு விழும், இல்லை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

ஓட்டு எழுத்தில். நூற்றுக்கு அறுபது பேராவது சரி என்றால்தான் செல்லும். பெரும்பாலும் ஆணி அடிக்கிற ஊரின் பெயரைத்தான் கட்டத்துக்கு வைப்பார்கள். நாம் ஜெயித்தால், ஒரு பெட்ரோல் பங்கும் பஞ்சர் கடையும் மட்டும் இருக்கிற உன் ஊரின் பெயரை உலகம் முழுக்க மாணவர்கள் தப்பும் தவறுமாக உச்சரிப்பார்கள். அதுதான் எனக்கு வேண்டும்.

தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் எதையாவது உதைப்பாய்.

உன் பட்டைக்காக என் மேலதிகாரியிடம் போனேன். அந்தக் கதவு அகலத்துக்குக் கான்கிரீட் வேண்டாம், கம்பி வலை போட்டு இறுக்கிக்கொள்கிறேன், கல் விழுந்தால் வலை பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். “உங்க தம்பி பல் பொறுக்கறதுக்கு நாங்க வலை கட்டணுமா?” என்றார். இரண்டு மணி நேரம் பேசினேன். கடைசியில், ஏதாவது ஆனால் முழுப் பொறுப்பும் என்னுடையது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு சரி என்றார்.

இத்தனை சந்தோஷத்தோடு மலைக்குத் திரும்பி வந்தால், துளைபோடுகிற ஆட்கள் வேலையை முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.

எங்கள் வேலையில் பாறைமேல் சிவப்பு வட்டம் போட்டிருந்தால், இங்கே துளை போட்டு உள்ளே இரும்புக் கம்பி இறக்கு என்று அர்த்தம். உலகத்தில் எங்கே போனாலும் அப்படித்தான். நீ மாதிரி எடுத்த இடத்துக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறாய். ஆணிக்குக் குறித்த இடத்துக்குக் கீழே, அந்த இடத்திலேயே, அதற்கு மேலே உச்சிவரை. ஒன்று விடாமல் துளைத்துவிட்டார்கள். அதில் ஒருவர் பெருமையாகச் சொன்னார்: “மேடம், நீங்க போட்ட வட்டம் எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சு.”

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. சுற்று வெட்டுத் துளைப்பான் என்பதால் பாறை பொடியாகாமல் உருளை உருளையாக வெளியே வந்திருக்கிறது. எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறேன். துளை எண் போட்டிருக்கிறது. அம்புக்குறி மலைக்கு உள்ளே போகிற பக்கம்.

என் தப்புதான். நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 28

அக்கா,

பெட்டி வந்தது. திறக்கவில்லை.

ஐந்து வருடப் பாறையைச் சல்லடையாக்கிவிட்டு ‘சிரிக்கவா அழவா’ என்கிறாய். இரண்டும் வேண்டாம். ஓட்டுப் போடுகிறவர்கள் வந்து பார்த்தால், ஆணி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லி அவர்கள் சிரிப்பார்கள்.

வட்டத்துக்கு அப்படி ஓர் அர்த்தம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

தம்பி


மார்ச் 25

அக்கா,

பெட்டியைத் திறந்தேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. வழியில் கிடந்தது, தினமும் கால் இடித்தது.

கல்லைக் கையில் எடுத்தால் அமிலத்தில் போடாமல் இருக்க எனக்கு வராது. போட்டேன். இப்போது குழம்பிப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுக்குகள் மட்டமாகப் படிந்தவை. ஒரே உயரத்தில் நேராக உள்ளே போனால் எவ்வளவு தூரம் போனாலும் அதே அடுக்குத்தான் வர வேண்டும், அதே பல்தான் இருக்க வேண்டும். ஆணிக்கு மேலே உள்ள துளைகளை எடுத்துக்கொள். உருளையின் வெளிமுனையில் இரட்டை வரிசை, நான் ஐந்து வருடமாகப் பார்க்கிற மாதிரியே. உள்முனையில் ஒற்றை வரிசை மட்டும். எத்தனை கரைத்தாலும் ஒற்றைதான். ஒரு கல்லின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவில் காலம் பின்னால் போகாது.

உன் ஆட்கள் பெட்டியில் அடுக்கும்போது மாற்றிவிட்டார்கள். கீழ்த்துளைக் கல்லை மேல்துளை எண்ணில் வைத்திருக்கிறார்கள். யார் அடுக்கியது என்று கேட்டு எழுது. இன்னொன்றும் கேள். உச்சித் துளைவரை எல்லாவற்றிலும் இதே கதைதான். மாற்றியது மாற்றினார்கள், ஒன்று விடாமல் ஒரே மாதிரி எப்படி மாற்றினார்கள்?

தம்பி


ஏப்ரல் 1

தம்பிக்கு,

அடுக்கியது நான். எண் எழுதியது நான். அம்புக்குறி போட்டதும் நான். தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைக்காதே.

எல்லாத் துளையிலும் ஒரே மாதிரி வந்தால் எங்கள் வேலையில் அதற்குத் தப்பு என்று பெயர் இல்லை. அது அளவு.

உன் கடிதம் வந்ததும் துளைபோட்டவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு துளையாகக் கேட்டேன். ஏறக்குறைய ஓர் ஆள் நீளம் உள்ளே போனதும் துளைப்பான் வழுக்கிக்கொண்டு சட்டென்று முன்னால் போயிருக்கிறது. திரும்பி வந்த தண்ணீர் காப்பி நிறத்தில் வந்திருக்கிறது. பிறகு மறுபடி கெட்டிப் பாறை. மேலதிகாரியிடம் கிளம்பும் முன், சுவரின் வேறு ஓரத்தில் போட்ட முதல் துளையில் மட்டும் நான் நின்று பார்த்தேன், அங்கே ஏதோ மண் பொந்து என்று விட்டுவிட்டேன். எந்தத் துளையில் இப்படி வந்தது என்று கேட்டால், “எல்லாத்துலயும்தான் மேடம், நீங்க கேக்கலையே” என்கிறார்கள்.

உன் கல்லில் காலம் எங்கே பின்னால் போகிறது? உருளையில் அந்தக் களிமண்ணுக்கு முன்னாலா, பின்னாலா?

என் மனதில் ஒன்று ஓடுகிறது. அதை எழுத மாட்டேன். நான் எழுதி நீ ஆமாம் போட்டால் அது சோதனை இல்லை. நீ உன் பல்லை வைத்துத் தனியாகச் சொல். சீக்கிரம் சொல்.

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

நேற்றே போனில் சொன்னேன். நீயும் வைக்காமல் கேட்டாய், அதுவே பெரிய விஷயம். மேலதிகாரிக்குக் காட்ட எழுத்தில் வேண்டும் என்றாய். எழுதுகிறேன்.

களிமண்ணுக்கு முன்னால் வரை இரட்டை வரிசை. அதைத் தாண்டியதும் ஒற்றை. ஒரு துளைகூட விலக்கில்லை.

உன் சுவரின் முகம் மலையோடு ஒட்டியது இல்லை. ஓர் ஆள் நீளக் கனத்துக்கு ஒரு பெரிய பாளம், களிமண் மேல் வழுக்கிக்கொண்டு முழுசாகக் கீழே இறங்கியிருக்கிறது. முன்பு மேலே இருந்த இளைய அடுக்குகள் இப்போது பழைய அடுக்குகளுக்கு முன்னால் வந்து நிற்கின்றன. பாளத்துக்குள் வரிசை குலையாததால் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. எப்போதோ சரியத் தொடங்கியது. சாலைக்காக அதன் காலை வெட்டியதும் மறுபடி அசைகிறது. உதிர்கிற கல் வியாதி இல்லை, அது இருமல். மேலே கான்கிரீட் பூசினால் பாளத்துக்குச் சட்டை போட்ட மாதிரி, சட்டையோடு இறங்கும். மழைத் தண்ணீர் அந்தக் களிமண்ணில் இறங்குவதற்குள் அந்தப் பக்கத்துப் பாதையை மூடு.

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்டாய். உச்சித் துளை ஆணிக்குக் குறித்த இடத்துக்கு மூன்று ஆள் உயரம் மேலே, அதன் உள்முனையிலும் ஒற்றைதான் என்பதால், இறக்கம் அந்த மூன்று ஆள் உயரத்துக்குக் குறையாது. சரியாகத் தெரிய வேண்டுமானால் உச்சியில் செடி மண்டியிருக்கிற இடத்தில் ஏறிப் பார். நீ கேட்ட அந்தச் சிவப்பு அங்கே இரண்டு உயரத்தில் இருக்க வேண்டும், பாளத்தில் ஒன்று, மலையில் ஒன்று. ஐந்து வருடத்தில் நான் ஒரு தடவைகூட அங்கே ஏறவில்லை. பளிச்சென்று தெரிகிற எல்லையை யார் மதிப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஓட்டெடுக்கிற குழுவுக்கும் எழுதிவிட்டேன். உலகத்துக்கே தொடக்கம் காட்ட வேண்டிய ஆணியை நழுவுகிற பாறையில் அடிக்க முடியாது, எங்கள் இடத்தை விலக்கிக்கொள்கிறோம் என்று. என் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியரைக் கேட்காமல் அனுப்பினேன். “ஒரு நாள் பொறுத்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா” என்றார். பொறுத்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

வலையைக் கழற்று. பட்டை வேண்டாம். நீ போட்ட கையெழுத்தையும் திரும்ப வாங்கிக்கொள்.

தம்பி


மே 9

தம்பிக்கு,

ஏறினேன். முள் கிழித்ததைத் தனியாகச் சொல்கிறேன். சிவப்பு இரண்டு உயரத்தில்தான் இருக்கிறது. டேப் போட்டேன், நீ சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம். மேலதிகாரி கீழே நின்று அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், “இதைப் பூசியிருந்தா நம்மளை யாரும் மன்னிச்சிருக்க மாட்டாங்க” என்றார். தம்பி பல்லைப் பற்றிப் பேசவில்லை.

பாதி சாலையை மூடி, பாளத்தை உச்சியிலிருந்து பிய்த்து இறக்குகிறோம். உன் ஆணிக்குக் குறித்திருந்த துண்டு கீழே வந்தபோது நான் அங்கே நின்றேன். எடுத்து வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று லாரியில் ஏற்றிவிட்டேன். கோபப்படாதே.

இப்போது உண்மையான மலை தெரிகிறது. புதிதாக, ஈரமாக, கோடு போட்ட நோட்டு மாதிரி. அதை ஒரே செங்குத்தாக விடாமல் நடுவில் ஒரு படி வெட்டி, படியின் உள்ஓரமாக வடிகால் தோண்டுகிறோம். இரண்டு சிவப்புக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை உன் ஆணியின் உயரத்தோடு கூட்டிப் பார்த்தேன். உன் அடுக்கு அந்த வடிகாலுக்குள்தான் வருகிறது. இது தற்செயல், நான் எதுவும் செய்யவில்லை. தண்ணீர் எங்கே போக வேண்டுமோ அங்கேதான் வெட்டினேன்.

வடிகாலின் சுவரிலிருந்து அடியில் தொடங்கி மேல்வரை கற்கள் எடுத்து அனுப்புகிறேன். இந்த முறை எடுத்த இடத்துக்கு நீல வட்டம்.

என்ன இருக்கிறது அதில்? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

கீழே ஒற்றை. மேலே இரட்டை. நடுவில் ஒரு சாண் இடத்தில், ஒற்றை வரிசைப் பல்லின் பக்கத்தில் ஒரே ஒரு மேடு, பிறகு இரண்டு, பிறகு ஒரு முழு வரிசை. மாறுவதை மாறும்போதே பிடித்த மாதிரி இருக்கிறது. இவ்வளவு சுத்தமாக நான் பாளத்தில்கூடப் பார்த்ததில்லை. பேராசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “உங்க அக்காவுக்கு நன்றி சொல்லு” என்றார். ஏப்ரலுக்குப் பிறகு என்னிடம் அவர் முழு வாக்கியமாகப் பேசியது இப்போதுதான்.

ஆனால் ஓட்டு முடிந்துவிட்டது. போன வாரம். நாம் விலகியதால் போட்டியே இல்லை, குன்றுக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். கட்டத்துக்கு அவர்கள் ஊர்ப் பெயர். எழுத்துக்கூட்டினாலும் வாயில் நுழையவில்லை. ஒரு தடவை முடிவானால் பத்து வருடத்துக்கு அதை யாரும் அசைக்க முடியாது. சரிதான், அதுவும் நல்ல பாறை. போய்ப் பார்க்காமல் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு கட்டத்துக்கு ஆணி ஒன்றுதான். ஆனால் உலகத்தின் வேறு பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் துணை இடம் என்று ஒன்றை ஏற்றுக்கொள்கிற வழக்கம் உண்டு. பெயர் கிடைக்காது, வேலை மட்டும் செய்யும். அதற்கும் பாறை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மழை தொடங்கியிருக்கும், இந்நேரம் வடிகாலுக்குள் பூசியிருப்பாய். பூசித்தான் ஆக வேண்டும். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் கவனி.

ஜனவரியில் ‘மற்றதெல்லாம் சரி’ என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடு.

தம்பி


ஜூலை 6

குக்கருக்கு,

கவனித்தேன். நீ கேட்காமல் ஒரு பக்கம் எழுதியதை இதுவரை நான் பார்த்ததில்லை.

வடிகால் பூசியாகிவிட்டது. முழுவதும். மழை பெய்தது, தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடுகிறது. தோள் உடைந்தவர் மறுபடி பால் கொண்டு போகிறார். நேற்று வண்டியை நிறுத்தி மேலே பார்த்தார், என்னையும் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வடிகாலில் சேறு அடைத்தால் ஆள் இறங்கி அள்ள, இடையிடையே குழி வைப்போம். குழி எங்கே வர வேண்டும் என்பது என் இஷ்டம். ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அதன் மூன்று பக்கம் கான்கிரீட். மலைப் பக்கம் மட்டும் பூசவில்லை. கெட்டிப் பாறை, களிமண் இல்லை, நானே தட்டிப் பார்த்தேன். தண்ணீர் தரையோடு போய்விடும், பாறைமேல் படாது. வரைபடத்தில் ‘ஆய்வுக் குழி’ என்று எழுதியிருக்கிறேன், மேலதிகாரி படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். எந்த ஆய்வு என்று அவர் கேட்கவில்லை.

உள்ளே இறங்கினால் உன் ஒரு சாண் இடம் சரியாகக் கண் உயரத்தில் இருக்கும். உன் கண் உயரம், என் உயரம் இல்லை. நீல வட்டத்தை அழித்துவிட்டேன். ஆணி அடிக்கவில்லை. அது உன் வேலை.

மேலே இரும்பு மூடி. எல்லாக் குழிக்கும் போடுகிற அதே மூடிதான், உனக்கென்று தனியாக வாங்கவில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வழக்கம்போல் அவசரப்பட்டுத் தனியாகப் போய் முதுகை உடைத்துக்கொள்ளாதே. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

ஒரு ஆள் இங்கே இருக்கிறேன்.

அக்கா